சிங்கப்பூரில் பழைய கடற்கரையைக் கால்நடையாகக் கண்டுபிடிப்பது எப்படி

ஞாயிற்றுக்கிழமை என்றால் லிட்டில் இந்தியாவின் தேக்கா, தேக்கா இல்லையென்றால் டார்மிட்டரிக் கட்டில் என்று இருக்கும் நம் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். மரினா பே சாண்ட்ஸ் ஹோட்டல் முன்னால் நின்று ஒரு படம் எடுத்து ஊருக்கு அனுப்பிவிட்டால் சிங்கப்பூர் பார்த்தாயிற்று என்று நினைக்கிறவர்கள் நிறையப் பேர். அந்த மூன்று கோபுரமும் நிற்கிற இடம் 1970ல் கடல். அதை ஒரு ஞாயிறு காலையில், கைக்காசு அதிகம் செலவழிக்காமல், நீங்களே நடந்து பார்த்து உறுதி செய்துகொள்ளலாம்.

நான் பட்டுக்கோட்டைப் பக்கத்துக்காரன். தொண்ணூறுகளின் கடைசியில் கூலி வேலைக்கு வந்தேன். இப்போது மண் பரிசோதனை செய்யும் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். கட்டடமோ சுரங்க ரயிலோ வருவதற்கு முன்னால் தரையில் துளை போட்டு, கீழே என்ன மண் இருக்கிறது என்று எடுத்துக் கொடுப்பது எங்கள் வேலை. இந்த ஊரில் எது பழைய தரை, எது கொட்டின தரை என்று பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. சிங்கப்பூரின் பரப்பு 1960களில் சுமார் 580 சதுர கிலோமீட்டர். இன்று 730க்கு மேல். கூடுதலாக வந்த இந்த நிலம் எங்கே தொடங்குகிறது என்பதைக் கண்டுபிடிப்பதுதான் இந்த நடையின் நோக்கம்.

முதலில் போனில் ஒரு கோடு

வெறுமனே போய் நின்றால் எல்லாம் ஒரே கான்கிரீட்டாகத்தான் தெரியும். முந்தின நாள் இரவே போனில் பழைய நிலப்படம் ஒன்றைப் பார்த்துவிடுங்கள். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழக நூலகத்தின் இணையத்தளத்தில் பழைய நிலப்படங்களை இன்றைய நிலப்படத்தின் மேல் வைத்துப் பார்க்கலாம். தேசிய ஆவணக் காப்பகத்திலும் நிறைய இருக்கின்றன. அரசாங்க நில அளவையாளராக இருந்த ஜான் டர்ன்புல் தாம்சனின் 1846ஆம் ஆண்டு நகரப் படம் கிடைத்தால் அதை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் தெலுக் ஆயர் தெருவைக் கண்டுபிடியுங்கள். தெருவுக்கு ஒரு பக்கம் வீடுகள், மறுபக்கம் அலை. இன்றைய படத்தின் ஸ்கிரீன்ஷாட்டில் அந்தக் கரையை விரலால் ஒரு கோடாகப் போட்டுக்கொண்டால் போதும்.

அப்புறம் செருப்பு. சேஃப்டி ஷூ போட்டுக்கொண்டு இவ்வளவு தூரம் நடக்காதீர்கள், அது வேலைக்கு. தண்ணீர் பாட்டில், குடை, ஏழரை எட்டு மணிக்குக் கிளம்பினால் வெயிலுக்கு முன்னால் பாதி முடிந்துவிடும்.

தேக்காவிலிருந்து கடலுக்கு அடியில்

லிட்டில் இந்தியா நிலையத்தில் டவுன்டவுன் பாதை ரயிலில் ஏறுங்கள். வண்டி மாற வேண்டாம். புகிஸ் தாண்டியதும் புரோமனாட், பேஃபிரண்ட், டவுன்டவுன் என்று மூன்று நிலையங்கள் வரும். மூன்றும் மண் கொட்டிக் கடலை மேடாக்கின நிலத்துக்குள் இருக்கின்றன. அடுத்த நிலையம் தெலுக் ஆயர். இறங்கி மேலே வந்தால் பழைய கரை. ரயிலுக்குள் உட்கார்ந்தபடியே கடலைத் தாண்டி வந்துவிட்டீர்கள்.

அந்த மூன்று நிலையங்களுக்கும் அடியில் இருக்கிற மண்ணைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், இது என் சரக்கு. துளை போடும்போது முதலில் வருவது கொட்டின மண்: மணல், சிவப்பு மண், சில இடத்தில் உடைந்த செங்கல்கூட. அது முடிந்ததும் பழைய கடலடி. நாங்கள் மரைன் கிளே என்று சொல்வோம். நீலம் கலந்த சாம்பல் நிறம், இடையிடையே சிப்பித் துண்டு. சேம்பிள் டியூபிலிருந்து அதைத் தள்ளி வெளியே எடுக்கும்போது முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுச் சேற்றின் அதே வாடை அடிக்கும். ஆயிரக்கணக்கான ஆண்டு பழைய சேறு.

அதன் பலத்தைப் பார்க்க ஒரு சோதனை உண்டு. 63.5 கிலோ சுத்தியலை 76 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விழவிட்டு, கம்பி 30 சென்டிமீட்டர் இறங்க எத்தனை அடி ஆகிறது என்று எண்ணுவோம். பிடோக் பக்கத்துப் பழைய மேட்டு மண்ணில் ஐம்பது அடி அடித்தாலும் இறங்க அடம் பிடிக்கும். மரைன் கிளேயில் சுத்தியலைத் தூக்குவதற்கு முன்பே கம்பி தன் எடையிலேயே இறங்கிவிடுவதும் உண்டு. அதனால்தான் இங்கே கட்டடம் எல்லாம் களிமண்ணைத் தாண்டிக் கெட்டித் தரைவரை பைல் என்ற நீளமான அடித்தூண்களை இறக்கி நிற்கிறது.

அப்படியானால் மேலே போட்ட ரோடு எப்படி நிற்கிறது? களிமண்ணில் இருக்கும் தண்ணீரை வெளியே எடுக்க வேண்டும். பட்டையான பிளாஸ்டிக் வடிகால்களை நெருக்க நெருக்கமாகக் கீழே செருகி, மேலே மண் மலையாகக் குவித்துவிடுவார்கள். பாரம் அழுத்த அழுத்தத் தண்ணீர் அந்தப் பட்டைகள் வழியே ஏறி வெளியேறும். மாதக்கணக்கில் காத்திருந்து, தரை இறங்கி முடிந்தபின் கூடுதல் மண்ணை அள்ளி அடுத்த இடத்துக்குக் கொண்டுபோவார்கள். சாங்கி கிழக்கில் இந்த முறையில் பெரிய அளவில் வேலை நடந்தது.

தர்கா வாசலில் நில்லுங்கள்

தெலுக் ஆயர் தெருவில் முதலில் கவனிக்க வேண்டியது அதன் வளைவு. நேராகப் போகாமல் மெல்ல வளைகிறது. கரை எப்படி வளைந்ததோ அப்படித் தெருவும் வளைந்தது. அதற்குக் கடல் பக்கத்தில் இருக்கும் ராபின்சன் ரோடு, ஷென்டன் வே இரண்டையும் நிலப்படத்தில் பாருங்கள், ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல் இருக்கும். மேடாக்கிய நிலத்தில் தெரு போடுகிறவருக்கு எந்த இடைஞ்சலும் இல்லையே. வளைந்த தெருவும் நேர்த் தெருவும் சேரும் இடத்தைச் சந்தேகப்படுங்கள், பெரும்பாலும் அங்கேதான் பழைய கரை.

இரண்டாவது, கட்டடங்கள் எதைப் பார்த்து நிற்கின்றன என்பது. பூன் டாட் தெரு முனையில் இருக்கும் நாகூர் தர்கா 1828லிருந்து 1830க்குள் கட்டப்பட்டது. நாகூர் ஆண்டவரைக் கப்பல்காரர்கள் எப்படிக் கும்பிடுவார்கள் என்று நம் கரையோர ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலேறிய தமிழ் முஸ்லிம்கள் இங்கே இறங்கிய கையோடு நன்றி சொல்ல ஓர் இடம் வேண்டுமென்று கட்டியது. அதே வரிசையில் தியான் ஹோக் கெங் கோயில், 1839ல் தொடங்கி 1842ல் முடித்தார்கள், கடல் தெய்வமான மாசூவுக்கு. இன்னும் கொஞ்சம் தள்ளி அல் அப்ரார் பள்ளிவாசல், 1827ல் ஓலைக் குடிசையாகத் தொடங்கியது, அந்தக் காலத் தமிழர்கள் குச்சுப் பள்ளி என்றார்கள். கடலைத் தாண்டி உயிரோடு வந்தவர்கள் கட்டிய மூன்று இடமும் ஒரே வரிசையில் கடலைப் பார்த்து நிற்கின்றன. இப்போது எதிரே இருப்பது அலுவலகக் கோபுரங்கள்.

தர்கா இப்போது இந்திய முஸ்லிம் மரபுடைமை நிலையமாக இருக்கிறது. உள்ளே போனால் செருப்பைக் கழற்றிவிட்டு, சத்தம் போடாமல் பாருங்கள். பள்ளிவாசலில் தொழுகை நேரத்தில் படம் எடுக்க வேண்டாம்.

சரி, இப்போது முக்கியமான வேலை. தர்காவுக்கு முதுகைக் காட்டி நின்று, பூன் டாட் தெரு வழியாகக் கடல் இருந்த திசையில் நடங்கள். பத்து நிமிட நடைதான், ஆனால் நூறு வருடத்துக்கு மேற்பட்ட வேலையைத் தாண்டிப் போகிறீர்கள். முதலில் குறுக்கே வருவது செசில் தெரு, அப்புறம் ராபின்சன் ரோடு. இவை 1879ல் தொடங்கிய மேடாக்கத்தில் வந்தவை. பக்கத்திலிருந்த வாலிச் குன்றை வெட்டித்தான் அந்த மண் வந்தது. இன்று வாலிச் என்ற பெயரில் தெரு இருக்கிறது, குன்று இல்லை. ராபின்சன் ரோட்டைத் தாண்டும் இடத்தில் லாவ் பா சாட். எட்டுப் பட்டையாக இரும்புத் தூண்களோடு நிற்கும் இந்தச் சந்தை 1894ல் இங்கே வந்தது. அதற்கு முந்தின சந்தை பழைய கரையோரம், தண்ணீருக்கு மேலேயே இருந்தது. கரை நகர்ந்ததும் சந்தையும் நகர்ந்துவிட்டது. இங்கே ஒரு தேத்தண்ணீர் குடியுங்கள், விலை தேக்காவைவிடக் கூடத்தான்.

அடுத்து ஷென்டன் வே, 20ஆம் நூற்றாண்டின் முதல் முப்பது ஆண்டுகளில் மேடாக்கிய நிலம். அதையும் தாண்டினால் மரினா, 1970களிலிருந்து மேடாக்கியது. தர்காவிலிருந்து மரினா சவுத் படகுத்துறை வரை நேர்க்கோட்டில் சுமார் 2 கிலோமீட்டர். 1830ல் அந்தத் தூரம் முழுவதும் தண்ணீர்.

போகிற வழியில் தலையைக் குனிந்தும் பாருங்கள். கட்டடம் பைல் மேல் நிற்கிறது, அது இறங்காது. வெளியே இருக்கும் நடைபாதை மண்மேல் கிடக்கிறது, அது மெல்ல இறங்கும். வாசற்படிக்கும் நடைபாதைக்கும் நடுவே விரலளவு இடைவெளி, பின்னால் போட்ட சிமெண்ட் ஒட்டு, புதிதாக ஒரு சரிவு இருந்தால், கீழே மண் இறங்கிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். இதை மட்டும் வைத்துக் கடல் என்று முடிவு கட்டக்கூடாது, எந்தப் பள்ளத்தை நிரப்பினாலும் இப்படி ஆகும். போனில் போட்ட கோட்டோடு ஒத்துப்போகிறதா பாருங்கள்.

ஆற்றுவாய்ப் பக்கம்

ஷென்டன் வேயிலிருந்து இடப்பக்கம் திரும்பி நடந்தால் காலியர் கீ. 1864ல் முடிந்த இந்தக் கடற்சுவரில் இந்தியாவிலிருந்து நாடுகடத்திக் கொண்டுவரப்பட்ட கைதிகளின் உழைப்பு இருக்கிறது. நம் ஆட்கள் இங்கே மண் சுமந்தது நம் காலத்தில் தொடங்கியதல்ல. 1933ல் திறந்த கிளிஃபர்டு பியர் இங்கேதான், 2006 வரை படகுகள் வந்து போயின. இப்போது ஒரு ஹோட்டலின் பகுதி. வெளியே நின்று வளைவான கூரையைப் பார்க்கக் காசு இல்லை.

எதிரே தெரியும் தண்ணீரைக் கடல் என்று ஊருக்குச் சொல்லாதீர்கள். 2008ல் மரினா அணைக்கட்டு வந்தபின் அது நீர்த்தேக்கம். சிங்கத் தலையும் மீன் உடலுமான மெர்லயன் சிலையையும் பாருங்கள். 1972ல் ஆற்றுவாயில் வைத்தார்கள், பின்னால் பாலம் வந்து மறைத்துவிட்டது, 2002ல் 120 மீட்டர் தள்ளிக் கொண்டுவந்தார்கள். இந்த ஊரில் சிலையும் கரையோடு சேர்ந்து நகர வேண்டியிருக்கிறது.

ராஃபிள்ஸ் பிளேஸ் வழியாகப் போட் கீ போய் முடியுங்கள். இந்தத் தீவில் ஆங்கிலேயர் காலத்து மேடாக்கம் தொடங்கியது இங்கேதான். 1822ல், இன்றைக்கு ராஃபிள்ஸ் பிளேஸ் இருக்கும் இடத்திலிருந்த சிறு குன்றை வெட்டி, ஆற்றின் தென்கரைச் சதுப்பை நிரப்பினார்கள். குன்றை வெட்டு, தண்ணீரை நிரப்பு, இரண்டு இடத்திலும் கட்டடம் கட்டு: அடுத்த நூற்றைம்பது வருடம் இதே சூத்திரம்தான். பக்கத்து மார்க்கெட் தெருவில் ஒரு காலத்தில் செட்டியார்கள் வட்டிக்கடை நடத்திய கிட்டங்கிகள் இருந்தன. இப்போது தேடினால் வங்கிக் கோபுரம்தான் அகப்படும்.

பீச் ரோடு, வேகமாக

நேரமிருந்தால் பீச் ரோடு. 1887ல் திறந்த ராஃபிள்ஸ் ஹோட்டல் அப்போது கடலைப் பார்த்து நின்றது, இப்போது எதிரே சவுத் பீச் கோபுரங்கள், அதற்கு அப்பால் சன்டெக் சிட்டி. அங்கிருந்து வடக்கே நடந்து ஹாஜா ஃபாத்திமா பள்ளிவாசலுக்குப் போங்கள், 1846ல் முடிந்தது. அதன் கோபுரம் சுமார் 6 டிகிரி சாய்ந்திருக்கிறது. ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் நின்று, பக்கத்து அடுக்குமாடியின் விளிம்போடு ஒப்பிட்டால் சாய்வு பளிச்சென்று தெரியும். கரையோர மணல் தரையில் எழுப்பியதன் விளைவு. அருகில் இருக்கும் நிக்கல் நெடுஞ்சாலையும் மேடாக்கிய நிலம்தான். 2004 ஏப்ரல் 20ல் ரயில் சுரங்கத்துக்குத் தோண்டிய பள்ளம் அங்கே சரிந்து நால்வர் இறந்தார்கள். தாங்கு சட்டங்களின் வடிவமைப்புப் பிழை என்று விசாரணையில் வந்தது. எங்கள் தொழிலில் புதிதாக வருகிற பையன்களுக்கு இந்தக் கதையைச் சொல்லாமல் நாங்கள் வேலை தொடங்குவதில்லை.

கிழக்குக் கரை, இன்னொரு ஞாயிறு

நகரத்தையும் கிழக்கையும் ஒரே நாளில் முடிக்க முயலாதீர்கள், கால் போய்விடும். தாம்சன் ஈஸ்ட்கோஸ்ட் பாதையில் காத்தோங் பார்க் நிலையத்தில் இறங்குங்கள். அந்தப் பூங்காவில் 1879ல் கட்டிய தஞ்சோங் காத்தோங் கோட்டையின் மிச்சம் மண்ணுக்கடியில் இருக்கிறது. 2004, 2005ல் அகழ்ந்து பார்த்தார்கள். கடல்வழி வரும் எதிரியைச் சுட வைத்த கோட்டை. இப்போது அங்கிருந்து கடலே தெரியாது, நடுவில் அடுக்குமாடிகளும் விரைவுச்சாலையும்.

1966ல் தொடங்கிய கிழக்குக் கரை மேடாக்கம் ஏழு கட்டமாக எண்பதுகள் வரை நடந்து, சுமார் 1,525 ஹெக்டேர் நிலத்தைச் சேர்த்தது. மண் எங்கிருந்து? பிடோக், தெம்பனிஸ் குன்றுகளை வெட்டி, நீண்ட கன்வேயர் பெல்ட்டில் கரைக்குக் கொண்டுவந்தார்கள். மரின் பரேட் ரோட்டில் நடக்கும்போது உள்பக்கம் பழைய காத்தோங்கின் குறுகிய சந்துகள், கடல் பக்கம் நேர்வரிசையில் வீவக (அரசாங்க வீடமைப்புக் கழக) புளோக்குகள். நடுவில் நீங்கள் நடக்கிற ரோடு, கிட்டத்தட்ட பழைய கரை.

சுரங்கப்பாதையில் ஈஸ்ட் கோஸ்ட் பார்க் போனால், கற்குவியல் முனைகளுக்கு நடுவே பிறை பிறையாக மணல் தெரியும். அது தானாக வந்த வளைவல்ல. மணலை அலை வாரிக்கொண்டு போகாமலிருக்க முனைகளைக் கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள். திரும்பும்போது முடிந்தால் பிடோக் நீர்த்தேக்கத்தையும் பார்த்துவிடுங்கள். மணல் தோண்டிய குழிதான் எண்பதுகளில் நீர்த்தேக்கமானது. மலையின் ஒரு பகுதியைக் கடலில் போட்டார்கள், மலை இருந்த பக்கம் தண்ணீர் நிற்கிறது.

இதில் இழப்பும் இருக்கிறது, சொல்லாமல் போகக்கூடாது. கிழக்குக் கரைக் கம்பங்களில், அதாவது கிராமங்களில், இருந்த மீனவர்கள் அடுக்குமாடிக்குப் போனார்கள். தெற்கிலும் மேற்கிலும் பவளப்பாறைகள் மண்ணுக்குள் போயின. உள்ளூர்க் குன்றுகள் தீர்ந்தபின் மணல் வெளிநாட்டிலிருந்து வந்தது. 1997ல் மலேசியாவும் 2007ல் இந்தோனேசியாவும் மணல் ஏற்றுமதியைத் தடை செய்தன. நம் ஊர் ஆற்றில் மணல் அள்ளும் லாரிகளைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு ஏன் என்று விளக்க வேண்டியதில்லை. புலாவ் உபின் தீவில் இருக்கும் செக் ஜாவா கரையை மேடாக்கும் திட்டத்தை, மக்கள் குரல் எழுப்பியபின் 2001 இறுதியில் தள்ளிவைத்தார்கள். கடல் வற்றும் நேரம் பார்த்துப் போனால் மேடாக்காமல் விட்ட கரை எப்படி இருக்கும் என்று அங்கே பார்க்கலாம். என்னைக் கேட்டால் இந்த வரிசையில் மிக அழகான இடம் அதுதான்.

போக முடியாத இடங்கள்

ஏழு தீவுகளை ஒட்டவைத்த ஜூரோங் தீவுக்குப் பாஸ் இல்லாமல் போக முடியாது. அங்கே வேலை பார்க்கிறவர்கள் தினமும் பழைய கடலுக்கு மேல்தான் பஸ்ஸில் போகிறீர்கள். துவாஸ் துறைமுகத்தின் முதல் கட்டத்தில் 28 மீட்டர் உயரக் கான்கிரீட் பெட்டிகள் 221ஐக் கடலில் இறக்கிச் சுவராக்கினார்கள். அதுவும் வெளியிலிருந்துதான். தெக்கோங் தீவு ராணுவத்துக்கு. அங்கே முழுக்க மண் கொட்டாமல், சுற்றிலும் அணை கட்டி உள்ளே இருக்கும் தண்ணீரைப் பம்ப் வைத்து இறைக்கும் முறையில் சுமார் 8 சதுர கிலோமீட்டர் எடுத்திருக்கிறார்கள். மணல் குறைவாகச் செலவாகும். கிழக்குக் கரைக்கு எதிரே லாங் ஐலண்ட் என்று சுமார் 800 ஹெக்டேர் திட்டத்தை 2023ல் அறிவித்து ஆய்வுகளைத் தொடங்கினார்கள். அது வந்தால் ஈஸ்ட் கோஸ்ட் பார்க் முன்னால் இருக்கும் நீரும் நீர்த்தேக்கமாகிவிடும், ஆகவே அந்தக் கடற்கரைப் படங்களை இப்போதே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

சாங்கி விமான நிலையத்துக்கு மட்டும் தனியாக ஒரு ஞாயிறு ஒதுக்க வேண்டாம். அதற்காகக் கடலில் மேடாக்கியது சுமார் 870 ஹெக்டேர், 1981ல் திறந்தது. லீவுக்கு ஊருக்குப் போகும்போது எப்படியும் அதன்மேல்தான் ஓடி ஏறப்போகிறீர்கள். பகல் விமானமாகப் பார்த்து ஜன்னல் சீட் கேளுங்கள். மேலே ஏறியதும், வளைந்து நெளிந்த கரை எங்கே இருக்கிறது, ஸ்கேல் வைத்து வெட்டிய கரை எங்கே இருக்கிறது என்று நீங்களே பிரித்துச் சொல்லிவிடுவீர்கள்.